மாற்றல் உத்தரவும் மாலை நடையும்

மாற்றல் உத்தரவு என்பது ஒரு தாளே. ஆயினும், அது கைக்கு வந்த நாளில் நம் இல்லங்களில் எத்தனை காரியங்கள் நிலை பெயர்கின்றன என்பதைத் தமிழகத்தை விட்டு வந்து வாழும் நேயர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறுகிறது. அண்டை வீட்டார் மாறுகின்றனர். கடைத்தெருவில் வழங்கும் மொழியும் மாறுகிறது. உத்தியோகஸ்தருக்காவது புதிய ஊரிலும் பழகிய அலுவல் காத்திருக்கும். இல்லத்தரசிக்கும், ஊரிலிருந்து அழைத்து வரப்பெற்ற முதியோர்க்கும் அவ்வாதரவும் இல்லை.

சாமான்களைக் கட்டும்போது எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று கணக்கிடுகிறோம். கட்டவும் சுமக்கவும் வேண்டாத உடைமை ஒன்றை இம்மாதம் நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். நாள்தோறும் குறித்த வேளையில், கருத்தூன்றிச் செய்துவரும் தேகப்பயிற்சியே அது.

யோகாசன ஆசிரியர் பி. கே. எஸ். அய்யங்காரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. கோலார் மாவட்டத்துப் பெல்லூரில் 1918ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையில் மலேரியா, காசநோய் முதலிய பிணிகளால் நலிந்தவர். மைசூரில் தம் தமக்கையின் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் ஆசனம் பயின்றார். 1937ஆம் ஆண்டு, பத்தொன்பது வயது நிரம்புமுன், ஆசனம் கற்பிக்கப் புனே நகருக்கு அனுப்பப்பட்டார். தவணை ஆறே மாதம். மராத்தி மொழி அறியார். ஊரில் உறவினரும் இலர். அந்நிலையில் அவர் நாள்தோறும் பல மணி நேரம் பயின்று, தம் உடம்பின்மேல் வைத்த கவனத்தையே பிடிப்பாகக் கொண்டார். ஆறு மாதத்திற்கென்று சென்றவர், 2014ஆம் ஆண்டு தம் 95ஆம் வயதில் காலமாகும்வரை, 77 ஆண்டுகள் அந்நகரத்தாராகவே வாழ்ந்தார்.

அவரைப்போல் பல மணி நேரம் பயிலுதல் நம்மால் இயலாது, வேண்டுவதும் இல்லை. வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்புக் கொள்ளுதல் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நாளொன்றுக்கு அரைமணி வீதம் வாரத்தில் ஐந்து நாள் சற்று விரைந்து நடந்தாலே 150 நிமிடம் ஆகிவிடும்.

எனினும், கால் மட்டும் நடந்தாற் போதாது. நம் இரயில்வேயில் ஒரு விதி உண்டு. சிக்னலைக் கண்டதும் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் அதன் நிலையை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். கண் பார்க்கும்போதே மனம் வேறிடத்தில் இருக்கக்கூடும். வாய் சொல்லும்போது மனமும் அங்கே வந்து சேர்கிறது. நடைக்கும் இது பொருந்தும். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடப்பவரின் உடம்பு இங்கிருக்க, உள்ளம் பழைய ஊரிலேயே இருக்கிறது. காலடி பதிவதையும் மூச்சு வந்து போவதையும் கவனித்து நடப்போமாயின், உள்ளம் சிறிது நேரமாவது உடம்போடு தங்கும். கவலை அகன்றுவிடாது; அதைத் தாங்கும் வலிமை நாளடைவில் பெருகும்.

முதியோரைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்த ஊரில் கோயிலுக்கும் கடைக்கும் நடந்து பழகியவர்களை அழைத்து வந்து, “நீங்கள் சும்மா உட்காருங்கள் அப்பா” என்று நாற்காலியில் அமர்த்துகிறோம். அன்பினாற் சொல்லுவதுதான்; ஆனால் அவ்வன்பே அவர்தம் கால்களின் வலிமையைக் குறைத்துவிடுகிறது. காலையில் பால் வாங்கி வரும் பொறுப்பை அவரிடமே விடுக. முதல் வாரம் உடன் சென்று வழி காட்டுக. போகும் வழியில் நாலு முகங்கள் பழகும். இவ்வூர் மொழியில் நாலு சொற்களும் நாவில் ஏறும். நிலை தடுமாறாதிருப்பதற்குரிய பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாள் செய்தால், 65 வயது கடந்தோர் கீழே விழுவது குறையும் என்றும் அவ்வழிகாட்டுதல் கூறுகிறது. இருதய நோய், மூட்டுவலி உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

நடையால் தீராத துயரமும் உண்டு. பல வாரம் உறக்கமும் உணவும் குன்றி, எதிலும் நாட்டமின்றி இருப்பவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலே முறை. மத்திய அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய மனநல உதவி எண் 14416. எம்மாநிலத்தில் இருப்பினும் அதில் தமிழிலும் பேசலாம்.

உத்தரவு வந்தபின் இப்பழக்கத்தைத் தொடங்குவது கடினம். ஆதலின், இருக்கும் ஊரிலேயே இம்மாதம் தொடங்குக. புதிய ஊர் சேர்ந்த அன்று மாலை, மூட்டைகளைப் பிரிக்கும் வேலையைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு, குடும்பத்துடன் ஸ்டேஷன் வரை நடந்து திரும்புக. மறுநாள் அவ்வீதியேனும் அறிந்த வீதியாக இருக்கும்.