பழைய பைக்கில் டர்போ: பவர் கூடும், சரி... பிரேக், சட்டம், இன்சூரன்ஸ்?

கார்களில் டர்போ இப்போது சர்வசாதாரணம். ஒரு லிட்டர் இன்ஜின் உள்ள சின்ன காரில்கூட வந்துவிட்டது. ஆனால், பைக் ஷோரூமில் போய் ‘டர்போ மாடல் இருக்கா?’ என்று கேட்டால், சேல்ஸ்மேன் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். ஜப்பானின் 4 பெரிய நிறுவனங்களும் 1980-களில் டர்போ பைக் விற்றுப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிட்டன.

அந்தக் கதவை ஹோண்டா இப்போது மறுபடி தட்டுகிறது. 2024 நவம்பரில் இத்தாலியின் மிலன் நகரில் நடந்த எய்க்மா கண்காட்சியில், மின்சாரத்தில் சுழலும் கம்ப்ரெஸர் பொருத்திய மூன்று சிலிண்டர் இன்ஜினை அது காட்டியது. அடுத்த ஆண்டு ‘வி3ஆர் 900’ என்ற முன்மாதிரி பைக்காகவே கொண்டுவந்து நிறுத்தியது. 900 சிசி இன்ஜினில் 1,200 சிசி அளவுக்கு வேகம் என்பது ஹோண்டாவின் பேச்சு.

இன்னொரு பக்கம், பழைய பைக்கை வாங்கி, டர்போ மாட்டி ஸ்போர்ட்ஸ் பைக் ஆக்கும் வீடியோக்கள் யூடியூபில் குவிகின்றன. 20 நிமிஷ வீடியோவில் எல்லாம் சுலபமாகத்தான் தெரிகிறது. உண்மையில் இதில் என்ன நடக்கிறது? நம் ஊரில் இது சாத்தியமா?

டர்போ என்ன செய்கிறது?

ஓர் இன்ஜினுக்கு எவ்வளவு பவர் என்பது, அது எவ்வளவு காற்றை உள்ளே வாங்குகிறது என்பதைப் பொறுத்தது. பெட்ரோலைக் கூட்டுவது சுலபம். அதை எரிக்கும் காற்றைக் கூட்டுவதுதான் கஷ்டம். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையின் வேகத்தை வைத்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவைத்து, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேலும் சுற்றும்.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. டர்போ கூடுதலாக 7 பி.எஸ்.ஐ. கொடுத்தால், கணக்குப்படி கிட்டத்தட்ட 50% அதிகக் காற்று உள்ளே போகும். ஆனால், அழுத்தினால் காற்று சூடாகும். சூடானால் அடர்த்தி குறையும். அதனால் காகிதத்தில் வரும் 50% ரோட்டில் வராது.

1980-கள் சொல்லும் பாடம்

‘பழைய பைக்கில் டர்போ’ என்பது புது யோசனை இல்லை. 1978-ல் அமெரிக்காவில் கவாஸாகி ‘இசட்1-ஆர்’ பைக்கில் டர்போ கிட் மாட்டி, ‘இசட்1ஆர்-டிசி’ என்ற பெயரில் விற்றார்கள். இன்ஜினுக்கு உள்ளே பெரிதாக எதையும் மாற்றவில்லை. வாரன்டி கிடையாது. ‘எது நடந்தாலும் என் பொறுப்பு’ என்று வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வண்டியைக் கொடுத்தார்கள். விற்றவர்களுக்கே எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பது அதிலேயே தெரிகிறது!

அடுத்து, நிறுவனங்களே களத்தில் இறங்கின. 1982-ல் ஹோண்டா ‘சிஎக்ஸ்500 டர்போ’ வந்தது. யமஹாவும் சுஸுகியும் தங்கள் பங்குக்கு ஒவ்வொன்றைக் கொண்டுவந்தன. 1984-ல் வந்த கவாஸாகி ‘ஜிபிஇசட்750 டர்போ’தான் இவற்றில் கெட்டிக்காரப் பிள்ளை. அதில் கவாஸாகி செய்ததைக் கவனியுங்கள்: டர்போ இல்லாத மாடலில் 9.5 ஆக இருந்த கம்ப்ரெஷன் விகிதத்தை 7.8 ஆகக் குறைத்தது. கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வைத்தது. புகை வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே டர்போவைப் பொருத்தியது. அதாவது, ஒன்றை மாட்டுவதற்காக நான்கை மாற்றியது.

அப்படியும் ஏன் தோற்றது? அதே 1984-ல் கவாஸாகியே ‘ஜிபிஇசட்900ஆர்’ பைக்கைக் கொண்டுவந்தது. டர்போ இல்லை, ஆனால், ஏறக்குறைய அதே பவர். கூடுதல் எடை இல்லை, தலைவலியும் இல்லை. யார் டர்போ வாங்குவார்கள்?

எந்தப் பைக் தாங்கும்?

நம் தெருவில் ஓடும் பழைய பைக்குகளில் பெரும்பாலானவை ஒற்றை சிலிண்டர் வண்டிகள். பழைய புல்லட், பல்சர் என எதை எடுத்தாலும் அதுதான். டர்போவுக்கு இது பொருத்தமே இல்லை. நான்கு சிலிண்டர் இன்ஜினில் புகை கிட்டத்தட்ட இடைவிடாமல் வரும். ஒற்றை சிலிண்டரில், இன்ஜின் இரண்டு முறை சுற்றினால் ஒரே ஒரு முறைதான் வரும். நடுவில் சக்கரத்தின் வேகம் விழும். காற்று உள்ளே போவதும் விட்டு விட்டுத்தான் என்பதால், அழுத்திய காற்றைத் தேக்கிவைக்கத் தனி டப்பா வேண்டும். அவ்வளவு சின்ன இன்ஜினுக்கு ஏற்ற சின்ன டர்போ கிடைப்பதும் அரிது.

அதனால்தான் வெளிநாடுகளில் இதைச் செய்பவர்கள் பழைய சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1100, பேண்டிட் 1200, ஹயபுசா போன்ற வலுவான நான்கு சிலிண்டர் பைக்குகளைத் தேடிப் போகிறார்கள்.

சரி, மாட்டியாச்சு. அப்புறம்?

இங்கேதான் நிஜமான வேலையே தொடங்குகிறது.

* நாக்கிங்: அழுத்தமும் சூடும் கூடும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும் முன்பே அல்லது அதை மீறி பெட்ரோல் கலவை தானாக வெடிக்கும். சில விநாடிகள் போதும், பிஸ்டனில் ஓட்டை விழும். இதைத் தடுக்கக் கம்ப்ரெஷனைக் குறைக்க வேண்டும். அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டனும் வலுவான ஹெட் காஸ்கெட்டும் போட வேண்டும். காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலரும் வேண்டும்.
* பெட்ரோல்: அதிகக் காற்றுக்கு அதே கணக்கில் அதிகப் பெட்ரோல் வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் டர்போ அழுத்தம் பெட்ரோலைத் திருப்பித் தள்ளும். எனவே புது பம்ப், பெரிய இன்ஜெக்டர், தனி இ.சி.யு., அதை ட்யூன் செய்யத் தெரிந்த ஆள் எல்லாம் தேவை. பங்க்கில் இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலில் உள்ள எத்தனால் நாக்கிங்கைக் குறைக்க உதவும் என்பது உண்மை. ஆனால், எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்படாத பழைய பைக்கின் ரப்பர் குழாய், சீல்களை மாற்ற வேண்டிவரும்.
* ஆயில்: டர்போவின் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் சுற்றுகிறது. பைக்கில் இடம் இல்லாததால் டர்போவைப் பல நேரம் தாழ்வாக வைக்க வேண்டியிருக்கும். அப்போது ஆயில் தானாக இன்ஜினுக்குத் திரும்பாது. இழுத்து அனுப்பத் தனி பம்ப் வேண்டும்.
* கிளட்ச், செயின்: பழைய பவருக்கென்று செய்த கிளட்ச் வழுக்கும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மை நீட்டாவிட்டால் முன்சக்கரம் தூக்கும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ‘லேக்’ எனப்படும் தாமதம். ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் ஒன்றும் நடக்காது. ஒரு கணம் கழித்து மொத்தமாக உதைக்கும். காரில் இது வெறும் எரிச்சல். வளைவில் சாய்ந்து போகும் பைக்கில் பின்டயர் வழுக்கிக் கீழே விழ இதுவே போதும். ஹோண்டா மின்சார கம்ப்ரெஸரைத் தேர்ந்தெடுத்ததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. இன்ஜின் என்ன வேகத்தில் சுற்றினாலும், வேண்டிய நேரத்தில் அதைச் சுற்றவைக்கலாம்.

பிரேக்கை யார் பார்ப்பது?

வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 100 கி.மீ. வேகத்துக்கென்று செய்த 20 வருஷப் பழைய பிரேக், 200 கி.மீ. வேகத்தில் அதே வேலையை நான்கு மடங்கு செய்ய வேண்டும். ஃபிரேம், ஃபோர்க், டயர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எல்லாம் தெரிந்தவர்களுக்கே இது எப்படி முடியலாம் என்பதற்கு உதாரணம் அமெரிக்கரான பில் வார்னர். டர்போ பொருத்திய ஹயபுசாவில் 2011-ல் மணிக்கு 311 மைலுக்கு மேல், அதாவது 500 கி.மீ.க்கு மேல் போய்ச் சாதனை படைத்தவர். 2013-ல் அதே மெய்ன் மாகாண ஓடுதளத்தில் நடந்த விபத்தில் உயிரிழந்தார். அது மூடப்பட்ட பாதை. எதிரே பஸ் வராது, குறுக்கே மாடு வராது.

நம் சாலைகள் அப்படியா? 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் சுமார் 44% பேர் டூ வீலரில் போனவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நேரடியாகச் சொன்னால்: இந்தியாவில் இப்படி மாற்றிய பைக்கைப் பொதுச் சாலையில் ஓட்ட வழி இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். டர்போ, எக்ஸாஸ்ட், ஸ்விங்ஆர்ம் என்று எண்ண ஆரம்பித்தால் பட்டியல் நீளும். சி.என்.ஜி. போன்ற எரிபொருள் மாற்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றம் ஆகியவற்றுக்குச் சட்டத்தில் இடம் உண்டு; டர்போவுக்கு இல்லை.

இன்சூரன்ஸும் சிக்கல்தான். தெரிவிக்காமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், சொந்தச் சேதத்துக்கான க்ளெய்மை நிறுவனம் நிராகரிக்கலாம். எதிரே வந்தவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், இன்ஜினில் செய்த மாற்றம் வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியாகவே நிற்கும்.

அப்போ ஆசையை விட்டுடணுமா?

விட வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டி என்று முடிவுசெய்துவிட்டால், பொதுச் சாலைக்கான பதிவுச் சிக்கல் எழாது. வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு: சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே என இரண்டு டிராக்குகள் இருக்கின்றன. உள்ளே விடும் முன் வண்டியையும் ஹெல்மெட்டையும் சோதிப்பார்கள். அந்தச் சோதனை நமக்கு நல்லதுதான்.

செலவு வரிசையும் யூடியூப் வீடியோவுக்குத் தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் பிரேக், டயர், சஸ்பென்ஷன். அடுத்து இன்ஜினின் உள்பாகங்கள். பிறகு பெட்ரோல், ஆயில், இ.சி.யு. கடைசியில்தான் டர்போ. பட்ஜெட் பாதியில் தீர்ந்துவிட்டாலும், கையில் நன்றாக நிற்கும் பைக் ஒன்று மிஞ்சும். வரிசையை மாற்றினால், வேகமாகப் போகும், ஆனால் நிற்கத் தெரியாத பைக்தான் மிஞ்சும்.