அம்மா வீட்டுக்கு மட்டும் குறைந்த விலை

அம்மா மௌத்தாகி நாற்பதாம் பாத்திஹா முடிந்த பிறகு, 2018இல், அவர் வீட்டை விற்பனைக்குப் போட்டோம். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எட்டாவது மாடியில் நாலறை வீடு. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு ஏழு நிமிட நடை, கீழே காப்பிக்கடை, எதிரே சந்தை. அதே தளத்தில் மூன்று வீடு தள்ளியிருந்த சீனக் குடும்பமும் அந்த மாதமே தங்கள் வீட்டை விற்க முனைந்தது. அவர்களுக்கு மூன்று வாரத்தில் ஆள் கிடைத்தது. எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. கிடைத்த விலையும் அவர்களுடையதைவிட 38,000 வெள்ளி குறைவு. இரண்டும் ஒரே அளவு. சொல்லப்போனால் அம்மாவின் சமையலறைதான் புதிதாகச் செப்பனிட்டது.

எங்கள் முகவர் தமிழ்ப் பெண். முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். "ஆன்ட்டி, இந்த புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிடுச்சு. நீங்க சீனருக்கு விற்க முடியாது. மலாய்க்காரரோ நம்ம ஆளோ வரணும், காத்திருக்கணும்."

இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் கணக்கு இதுதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் ஒன்றில் சீனர் 87 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து 15. வட்டாரத்துக்கு இந்த வரம்பு 84, 22, 12. எங்களுடைய 15 விழுக்காடும் 2010க்கு முன்பு 13ஆகத்தான் இருந்தது. வரம்பு நிரம்பிய பிறகும் ஒரே இனத்தவர் தங்களுக்குள் விற்று வாங்கலாம், ஏனென்றால் அதனால் விகிதம் மாறாது. ஆகவே மூன்று வீடு தள்ளியிருந்த சீனர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். நாங்கள் சீனரல்லாதவருக்கு மட்டுமே விற்க முடியும்.

இதைப் படித்துவிட்டு, அந்தச் சட்டத்தையே எடுத்துவிடச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது 1958இல், தஞ்சோங் பகாரில். அத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் வரிசையில் எல்லாரும் கடையநல்லூர், தென்காசிக்காரர்கள். மாலையில் திண்ணையில் பேசுவது ஊர்ப்பேச்சு, நோன்புக் கஞ்சியில் ஊர் மணம், கல்யாணம் என்றால் தெருவுக்கே அழைப்பு. மேக்ஸ்வெல் ரோட்டில் 1946இல் நம்மவர்களே தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி இருந்தது, அண்ணன் அங்கேதான் படித்தான். அந்த வாழ்க்கையில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பன்னிரண்டு வயது வரை ஒரு சீன வீட்டு வாசல்படியை நான் மிதித்ததில்லை. 1964 ஜூலையில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் நடந்த கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். எனக்கு ஆறு வயது. அத்தா கதவைத் தாழிட்டுவிட்டு, எந்தத் தெரு யாருடையது, எந்த வழியாக வேலைக்குப் போனால் உயிரோடு திரும்பலாம் என்று அண்டை வீட்டாரோடு சன்னல் வழியே பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அந்த வரைபடம் பெரியவர்கள் எல்லாருடைய தலையிலும் இருந்தது.

அந்த வரைபடத்துக்கு வயது அதிகம். 1822இல் ராஃபிள்ஸ் ஊரைத் திட்டமிடச் சொன்னபோதே சீனருக்கு ஒரு பக்கம், ஐரோப்பியருக்கு ஒரு பக்கம், புகிஸ்காரருக்கும் அரபியருக்கும் வேறு பக்கம், ஆற்றை ஒட்டி நம் ஆட்களுக்குச் சூலியா கம்போங் என்று கோடு கிழித்தார்கள். ஆனால் ஊர் அந்தக் கோட்டுக்குள் அடங்கவில்லை. இன்றைய சைனாடவுனின் நடுவில், சவுத் பிரிட்ஜ் ரோட்டில், ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் கிட்டக்கிட்ட நிற்பதைப் பாருங்கள்.

1980இல் அங் மோ கியோவுக்கு வந்தோம். இடப்பக்கம் நாங்கள் மக்சிக் என்று கூப்பிட்ட ஒரு மலாய்ப் பெண்மணி, வலப்பக்கம் ஹொக்கியன் பேசும் ஒரு பாட்டி. முதல் வருடம் சிரிப்பு மட்டும்தான். பிறகு அம்மா பிரசவத்துக்குப் போன அக்காவோடு மருத்துவமனையில் இருந்த பத்து நாளும் என் தம்பிக்குச் சோறு போட்டது மக்சிக். அந்தப் பாட்டி சாகும்வரை, அவர் சமைத்ததை நாங்கள் தொடமாட்டோம் என்று தெரிந்து, சீனப் புத்தாண்டுக்கு மூடி பிரிக்காத பிஸ்கட் டின்னும் ஆரஞ்சும்தான் கொண்டுவருவார். இதெல்லாம் அவரவர் நல்ல மனம். ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கதவுகளை அமைத்தது நல்ல மனமில்லை, வீவகவின் வீட்டு ஒதுக்கீடு.

மறுவிற்பனை பெருகியதும் மக்கள் மறுபடி தங்கள் தங்கள் ஆட்களோடு சேரத் தொடங்கினார்கள். பிடோக், தெம்பனிசில் மலாய்க்காரர், ஹௌகாங்கில் சீனர் என்று மெல்லத் திரள ஆரம்பித்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். ஒரு தமிழர். 1989 மார்ச் 1 முதல் வரம்பு வந்தது. அது தேவைப்பட்ட முடிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

சுமை எங்கே விழுகிறது என்பதுதான் என் கேள்வி. 2020 கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளரில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு சீனர் வீட்டை விற்றால், வாங்கக்கூடியவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை இழக்கிறார். அவருக்கு அது தெரியவே தெரியாது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் என் போன்றவர் விற்றால் நாலில் மூன்று பங்கு போய்விடுகிறது. விதி எல்லாருக்கும் ஒன்று என்று சொல்வது அதனால்தான் எனக்கு ஆறுதலாக இல்லை. கலந்து வாழ்வது நாட்டுக்கே நன்மை என்றால், அதன் செலவை ஓய்வுக்கால வீட்டை நம்பியிருக்கும் சிறுபான்மைக் குடும்பங்கள் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?

2022இல், விற்க முடியாமல் மிகவும் தவிப்பவர்களின் வீட்டை, தகுதி பார்த்து, வீவக திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் தவித்து நிற்பவருக்கு மட்டும் உதவி போதாது. வரம்பினால் விலை குறைந்த ஒவ்வொரு விற்பனையிலும், மதிப்பீட்டு விலைக்கும் கைக்கு வந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் என் வரியும் இருக்கும், பக்கத்து வீட்டுச் சீனரின் வரியும் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அறை வாடகைக்கு இந்த வரம்பு கிடையாது. கடையநல்லூரிலிருந்து கணினி வேலைக்கு வந்த என் அண்ணன் மகளின் மாப்பிள்ளை ஒரு மாதம் அறை தேடினார். பல இடங்களில் தொலைபேசியிலேயே, "நீங்க இந்தியரா? ஓனர் வேண்டாம்ங்கிறாங்க, சமையல் வாடை" என்று பதில். எங்கும் சமைக்கவே போவதில்லை என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் தேக்காவுக்குப் பக்கத்தில் நாலு தமிழ்ப் பையன்களோடு ஓர் அறை. வீட்டை வாங்கும்போது இனத்தை எண்ணிக் கலக்கத் தெரிந்த அரசுக்கு, வாடகை விளம்பரத்தில் இனத்தைச் சொல்லி விரட்டுவதைத் தண்டிக்கவும் தெரிய வேண்டும்.

அம்மாவின் வீட்டை ஓர் இளம் மலாய்த் தம்பதி வாங்கினார்கள். சாவி கொடுத்த அன்று மக்சிக் அவர்களுக்கு லொந்தோங் கொண்டுவந்தார், எனக்கும் ஒரு தட்டு. நான் இப்போது இருக்கும் ஹௌகாங் புளோக்கிலும் சீனர் வரம்பு நிரம்பியிருக்கிறது. மாதம் முதல் தேதி புதிய நிலவரம் இணையத்தில் வரும். ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன்.