வானவில் கேக்... வயிற்றுக்கு ஆகுமா?

காலை ஏழு மணி இருக்கும். வேங்கிக்காலில் இருந்து ஓர் இளம் தாய், மூன்று வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு பதறியபடி வந்தார்.

"டாக்டர், பிள்ளைக்குப் பச்சைப்பசேல்னு வெளிக்குப் போகுது. ஏதாவது விஷமா இருக்குமோ?"

நாடி பார்த்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னால், அதில் இன்னும் லேசாக நீலம்!

"நேத்து எங்கேம்மா போயிருந்தீங்க?"

"நாத்தனார் பொண்ணுக்குப் பிறந்த நாள். மூணு அடுக்கு கேக் வெச்சிருந்தாங்க."

சங்கதி அவ்வளவுதான். நீலச் சாயம் குடலில் மஞ்சள் நிறப் பித்தநீரோடு சேர்ந்தால் பச்சைதானே? ஓரிரு நாளில் தானாகச் சரியாகிவிடும். மருந்தே கொடுக்காமல் அனுப்பினேன். ஆனாலும் அந்தத் தாய் பயந்தது வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலத்தின் நிறமே மாறுகிற அளவுக்கு ஒரு குழந்தைக்குள் சாயம் போயிருக்கிறதே!

நான் கேக்குக்கு விரோதி இல்லை. என் சண்டை அதன் மேல் போர்த்துகிறார்களே, வழவழவென்று கலர் கலராக ஒரு போர்வை, அதோடுதான். ஃபாண்டன்ட் என்பார்கள். பொடித்த சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, கிளிசரின் எல்லாம் சேர்த்துச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, தேய்த்து, கேக் மேல் விரிப்பது. முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான். பெரியவர்களே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்திக்கொண்டால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. குழந்தை கையில் கிடைக்கும் இரண்டு ஃபாண்டன்ட் பூவிலேயே அது தீர்ந்துவிடும். சைவ வீட்டுக்காரர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: சில வகைகளில் மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு.

சரி, நிறத்துக்கு வருவோம். நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற செயற்கைச் சாயங்கள் எட்டே எட்டுதான். கேக் வகைக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று வரம்பும் உண்டு. வெளிர் ரோஜா நிறத்துக்குத் துளி போதும். அடர் சிவப்பும் கறுப்பும் வேண்டுமென்றால் சாயத்தைக் கொட்டத்தான் வேண்டும். கர்நாடகத்தில் 2024-ல் 235 கேக் மாதிரிகளைச் சோதித்தபோது 12 தேறவில்லை. செயற்கைச் சாயம்தான் காரணம். மீதி எல்லாம் தேறிவிட்டன, அதையும் சொல்லிவிடுகிறேன். துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததால் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் அதே ஆண்டு தடை வந்தது நினைவிருக்கும்.

அனுமதி பெற்ற சாயம் என்றால் கவலையே இல்லையா? டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், பான்சோ 4ஆர் இந்த நான்கும் நம் பட்டியலில் இருக்கின்றன. ஐரோப்பாவில் 2010 முதல் இவற்றைச் சேர்த்த தின்பண்டங்களில், குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று அச்சிட்டாக வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் ஆகிவிடாது. சிலருக்குத் தடிப்பு, அரிப்பு வரலாம். உங்கள் பிள்ளை அந்தச் சிலரில் ஒன்றா என்பது தின்ற பிறகுதானே தெரிகிறது?

சித்த மருத்துவனாக எனக்கு வேறொரு வருத்தமும் உண்டு. நம் சமையலில் நிறம் வந்தால் கூடவே ஒரு சுவையும் வரும். மஞ்சளுக்கு ஒரு கைப்பு, புளிக்கு ஒரு புளிப்பு. இந்தப் போர்வையில் ஏழு நிறம் இருந்தும் சுவை ஒன்றே ஒன்றுதான். அறுசுவை பழக வேண்டிய வயதில் நாக்குக்கு இது என்ன பாடம்?

"கலரே வேண்டாம்னா பிள்ளைங்க அழுவாங்களே" என்கிறீர்களா? பீட்ரூட் சாறு, பசலைக்கீரைச் சாறு, சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீலம் என்று வீட்டிலேயே எத்தனை நிறம்! இவற்றை மேலே தடவும் கிரீமில் கலந்தால் போதும். மஞ்சளை மட்டும் சோடா உப்பு போட்ட மாவில் கலக்காதீர்கள், சிவந்துவிடும். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே வேலைதான். கடைக் கேக் போலப் பளீரென்று இருக்காது. இருக்கவும் வேண்டாம்.

அடுக்குக் கேக்கை மண்டபத்துக்குச் சொல்லியே ஆகவேண்டுமென்றால், ஃபாண்டன்ட் அலங்காரம் மேல் அடுக்கில் மட்டும் போதும் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். படத்துக்கு அது போதும். அடுக்கு சாயாமல் இருக்க உள்ளே குச்சி நிறுத்தியிருப்பார்கள். பொம்மைகளைப் பல்குத்தும் குச்சியில் செருகியிருப்பார்கள். எண்ணி எடுத்த பிறகே துண்டு போடுங்கள். சின்னக் குழந்தைகளுக்குப் போர்வையை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் கேக்கை மட்டும் கொடுங்கள். மாமியார் ஏதாவது சொன்னால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

போன மாதம் அந்தப் பையனுக்கு நான்கு வயது முடிந்தது. வீட்டிலேயே ஒற்றை அடுக்கு கேக், மேலே சங்குப்பூ நீலத்தில் கிரீம். யாரோ எலுமிச்சம்பழ ஜூஸைச் சிந்திவிட, பட்ட இடமெல்லாம் ஊதாவாக மாறிவிட்டதாம். "வெட்டவே விடலை டாக்டர். அத்தனை வாண்டுகளும், இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு ஒரே கூச்சல்" என்றார் அந்த அம்மா.