சோகப் பாட்டுக்கும் எங்கட மேடையில் இடம் வேணும்



கூட்டத்துக்குப் பாட்டுத் தெரிவு செய்யும்போதெல்லாம் யாராவது ஒருவர் சொல்வார்: "அழுகிற பாட்டு வேண்டாம், எழுச்சியா ஏதும் போடுங்கோ." சோகம் ஆட்களைச் சோர வைக்கும், வீட்டுக்குள்ளேயே முடக்கிப் போடும் என்பது எங்கட இடதுசாரி வட்டங்களில் ஊறிப்போன எண்ணம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல, டப்ளின் நகரத்து நாட்டார் இசைக்குழுவான லங்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நாலு பேர்: இயன் லிஞ்ச், டாரா லிஞ்ச் என்ற சகோதரர்கள், ரேடி பீட், கோர்மக் மக்டியர்மடா. ஐரிஷ் பைப், கொன்சர்டினா, ஹார்மோனியம், வயலின் என்று பழைய வாத்தியங்கள்தான். ஆனால் அடியில் ஒரே சுருதி நிமிடக்கணக்கில் இழுபட்டுக்கொண்டே இருக்கும். கேட்கிறவருக்கு நெஞ்சில் கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருக்கும். முதலில் சகோதரர்களின் குடும்பப் பெயரை வைத்து 'லிஞ்ச்ட்' என்ற சிலேடைப் பெயரில்தான் பாடினார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொன்ற வரலாற்றை அந்தச் சொல் நினைவூட்டுகிறது என்பதால் 2016இல் அதைக் கைவிட்டார்கள். பாலஸ்தீனத்துக்காக வெளிப்படையாகக் குரல் கொடுப்பவர்களும் இவர்கள்தான்.

2023இல் வந்த 'ஃபால்ஸ் லங்கம்' தொகுப்பின் முதல் பாட்டு 'கோ டிக் மை கிரேவ்'. காதலில் கைவிடப்பட்டு உயிரை மாய்த்த ஒரு பெண்ணின் கதை. ரேடி பீட் தனிக்குரலில் தொடங்குகிறார். ஒன்பது நிமிடம் முடிகிறபோது மரண ஊர்வலத்துக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். அயர்லாந்தின் 'கீனிங்' மரபிலிருந்து இந்த வடிவத்தை எடுத்ததாகக் குழுவே சொல்லியிருக்கிறது.

கீனிங் என்றால் எங்கட ஒப்பாரிதான். செத்த வீட்டில் பெண்கள் முன்னுக்கு நின்று பாடுவார்கள். கூலி வாங்கிப் பாடியவர்களும் உண்டு. "கூலிக்கு மாரடிக்கிறது" என்று நாங்கள் இளக்காரமாகச் சொல்வதை அங்கே ஊரே மதிக்கிற ஒரு தொழிலாகச் செய்தார்கள். இறந்தவரைப் புகழ்ந்து தொடங்குகிற பாட்டு, அடிக்கிற புருஷனையும் கஞ்சப் பாதிரியாரையும் நிலக்கிழாரையும் சாடுவதில் போய் முடியும். மற்ற நாளில் வாய் திறக்க முடியாத பெண், அன்றைக்குச் சபை நடுவில் நின்று சொல்லலாம். கத்தோலிக்கத் திருச்சபை 17ஆம் நூற்றாண்டிலிருந்து இதைத் திரும்பத் திரும்பத் தடை செய்ததில் என்ன ஆச்சரியம்? வெறும் கண்ணீருக்கு யாரும் தடை போட மாட்டார்கள்.

லங்கத்தின் மற்றப் பாட்டுகளிலும் துயரத்துக்கு ஒரு காரணம் இருக்கும், ஒரு முகவரி இருக்கும். 2014இல் வந்த முதல் தொகுப்பில் 'கோல்ட் ஓல்ட் ஃபயர்' என்று ஒரு பாட்டு. வங்கிகள் கவிழ்ந்து, 2010இல் 8,500 கோடி யூரோ பிணையெடுப்புக்குள் நாடே போய், அந்தச் சுமை சாதாரண சனத்தின் தலையில் இறங்கிய பிறகான டப்ளின் அது. 2019இல் பாடிய 'ஹண்டிங் த ரென்', 19ஆம் நூற்றாண்டில் கில்டேரில் பிரித்தானிய இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் முட்புதருக்குள் வாழ்ந்த, ஊர் ஒதுக்கி வைத்த பெண்களைப் பற்றியது. 2025இல் 'த ஸ்பெஷல்ஸ்' குழுவின் 'கோஸ்ட் டவுன்' பாட்டை எடுத்துத் தங்கள் பாணியில் வெளியிட்டார்கள். அது 1981இன் பாட்டு. தாட்சர் ஆட்சியில் வேலையற்றோர் தொகை 25 லட்சத்தைத் தாண்டி, பிரித்தானிய நகரங்களில் கலவரம் வெடித்த அதே ஜூலையில் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதுவும் சோகப் பாட்டுத்தான். தெருவில் நின்றவர்களை அது சோர வைத்ததாக நான் எங்கேயும் வாசித்ததில்லை.

எதிர்வாதத்தையும் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. சோகம் ஒரு சொகுசாகவும் மாறும். ஸ்பொட்டிஃபையைத் திறந்தால் மழைக்கு ஒரு பட்டியல், பிரிவுக்கு ஒரு பட்டியல், நித்திரை வராத இரவுக்கு இன்னொன்று. காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனியே அழலாம், மாதச் சந்தா கட்டினால் போதும். யாரால் வந்த துயரம், இன்னும் யாருக்கெல்லாம் வந்தது என்ற கேள்வி அங்கே எழாது. இந்தச் சரக்கைப் பற்றித்தான் தோழர்கள் கவலைப்படுகிறார்கள் என்றால் நானும் அவர்களோடுதான். ஆனால் அதைக் காட்டிக் கூட்டாக அழுகிறதையும் விலக்கி வைப்பது, குளிப்பாட்டின தண்ணியோடு பிள்ளையையும் வீசுகிற கதை.

எங்களுக்கு இது வெறும் இசை ரசனை பற்றிய விசயம் இல்லை. 2021 ஜனவரியில் யாழ் பல்கலைக்கழகத்து நினைவுத்தூபியை இரவோடிரவாக இடித்தார்கள். 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சியதுக்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். ஒரு பானை கஞ்சிக்கு அரசு பயப்படுகிறது. புலம்பெயர்ந்த நாட்டில் எங்களை யாரும் தடுக்கவில்லை. நாங்களோ மே 18இல் அகவணக்கத்துக்கு ஒரு நிமிடம் ஒதுக்கிவிட்டு நேராகப் பேச்சாளர் பட்டியலுக்குப் போய்விடுகிறோம். எங்கட அம்மம்மாக்களுக்குத் தெரிந்த ஒப்பாரி எங்களோடயே நிற்கப்போகுது.

அடுத்த நினைவேந்தலில் உரைகளில் ஒன்றைக் குறைப்போம். ஒப்பாரி தெரிந்த மூத்த பெண்களைக் கேட்டு அழைப்போம். அவர்கள் பாடி முடிக்கும் வரைக்கும் மண்டபத்தில் எல்லாரும் இருந்து கேட்போம். பிறகு எழுச்சிப் பாட்டுப் போடுங்கோ, நானும் எழும்பி நிற்பேன்.