தறப்பாளின் கீழும் நல்ல கோப்பி



முகாம் வாழ்வில் அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி எல்லாமே வரிசையில் நின்று வாங்குபவை. எவ்வளவு, எப்போது என்பதை வேறு யாரோ தீர்மானிப்பார்கள். 2009இல் செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் நானும் அப்படித்தான் இருந்தேன். கோப்பி எங்கள் நிவாரணத்தில் இருக்கவில்லை. எப்படியோ கைக்கு வந்த கொஞ்சக் கொட்டையை வறுத்தபோதுதான் எங்கள் கொட்டில் வீடு போல மணத்தது. எங்கள் விருப்பப்படி நாங்களே செய்த ஒன்று அது மட்டுந்தான்.

அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆனால் இடம்பெயர்வு எம்மை விட்டுப் போகவில்லை. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனங்கள் பாடசாலைகளில் தங்க நேர்ந்தது. ஆகவே மூன்று கல் அடுப்பில் நல்ல கோப்பி போடும் பக்குவத்தைத் தெரிந்து வைத்திருப்போம்.

அடுப்பைத் தறப்பாளுக்கு வெளியே, காற்று மறைவில் மூட்டுங்கள். உள்ளே மூட்டினால் தீப்பிடிக்கும். புகை குழந்தைகளின் நெஞ்சுக்கும் கூடாது. தாச்சியிலோ மண்சட்டியிலோ கொட்டையை இளஞ்சூட்டில் கைவிடாமல் கிளறி வறுங்கள். விறகு குறைவென்று பெருந்தீ வைத்தால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். கொட்டை வெடிக்கும் சத்தம் கேட்ட பின் நிறத்தைக் கவனியுங்கள். கடும் மண்ணிறம் வந்ததும் இறக்கிச் சுளகில் பரப்புங்கள். சட்டியில் விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும்.

மல்லியையும் சீரகத்தையும் தனியாக, மணம் வரும்வரை வறுத்தால் போதும். கால் கிலோ கொட்டைக்கு ஒரு கைபிடி மல்லி, ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு துண்டு வேர்க்கொம்பு என்பது என் கணக்கு. எல்லாம் ஆறிய பின் இடித்து, ஈரமில்லாத போத்தலில் இறுக்கி மூடி வையுங்கள். உரல் இல்லாவிட்டால் தடித்த துணியில் முடிந்து கல்லில் வைத்துக் குத்தலாம்.

அடுத்தது தண்ணீர். நன்றாகக் கொதித்துக் குமிழி எழும்பிய பின்னும் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், நோய்க்கிருமிகள் சாகும். குளோரின் மணம் இருந்தால் முதலில் வாளியைத் திறந்து வைத்து, மெல்லிய துணியால் மூடி விடுங்கள், மணம் குறையும். கேத்திலுக்கு மூடி போட்டால் புகை மணம் பிடிக்காது.

தூளைப் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள், கைக்கும். கேத்திலை இறக்கி, கொதி அடங்கிய பின் ஒரு பேணிக்கு ஒரு தேக்கரண்டி வீதம் தூளைப் போட்டுக் கலக்கி மூடுங்கள். நாலைந்து நிமிடத்தில் மண்டி அடியில் படியும். மேலே மிதப்பது கொஞ்சம் ஆறிய கொதிநீர் தெளித்தால் இறங்கும். அசைக்காமல் வாருங்கள், அல்லது சுத்தமான பருத்தித் துணியில் வடியுங்கள். சீனி இல்லையென்றால் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தடைக்காலம் கண்ட எம் தாய்மாருக்கு அது புதிதல்ல.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளுக்குச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, வெறுங்கோப்பியால் தங்கள் பசியை அடக்கிய தாய்மாரை முகாமில் நிறையவே கண்டேன். கோப்பி பசியை மறைக்கும், உடலைத் தேற்றாது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதும் குறையும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு ஒன்றிரண்டு பேணிக்கு மேல் வேண்டாம்.

உங்கள் பங்குச் சோற்றை முதலில் சாப்பிடுங்கள். பிறகு அடுத்த கொட்டிலில் தனித்திருக்கும் அம்மாவையும் கூப்பிட்டு, ஆறுதலாக இருந்து கோப்பி குடியுங்கள்.