பேயும் நிருபரும்

எங்கள் போடிநாயக்கனூரில் பேய்களுக்குப் பஞ்சமில்லை. போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டையூசி வளைவுகள். வளைவுக்கு ஒன்று வீதம் குடியிருப்பதாகக் கேள்வி.

சென்ற வாரம் வகுப்பில் ஒரு பையன் பாடப் புத்தகத்துக்குள் சித்திரக் கதை ஒன்றை ஒளித்துப் படித்துக்கொண்டிருந்தான். பறிமுதல் செய்தேன், அன்றிரவே நானும் படித்து முடித்தேன். சிவகாசியின் லயன், முத்து காமிக்ஸ் இதழ்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்திய 'ரிப்போர்ட்டர் ஜானி'தான் கதாநாயகன். பூர்வீகம் பெல்ஜியம், இயற்பெயர் ரிக் ஹோஷே. திபே வரைய, துஷாத்தோ எழுத, 1955-இல் பிறந்த பத்திரிகை நிருபன்.

இரத்தக் காட்டேரி, சாபம் பிடித்த மாளிகை என்று கதை ஆரம்பிக்கும்போது மயிர்க் கூச்செறியும். ஜானியோ ஓடுவதில்லை; தடயம் தேடுவான், நாலு பேரை விசாரிப்பான். பெரும்பாலும் முடிவில் வேஷம் கலைந்து, பேராசையோ வஞ்சமோ கொண்ட மனிதன் ஒருவன் அகப்படுவான்.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது பையன் கேட்டான்:

"ஸார், போன மாசம் வளைவிலே ஜீப் சறுக்கி எங்கம்மாவுக்குக் கை ஒடிஞ்சது. பேய் தள்ளிடுச்சுன்னு சொல்றாங்க. ஜானி வந்தா எதைப் பார்ப்பான் ஸார்?"

"முதலில் பிரேக்கைப் பார்ப்பான். அப்புறம் வண்டிக்குள் எத்தனை பேர் என்று எண்ணுவான்."

"பதினெட்டுப் பேர், ஸார்" என்றான் மெதுவாக.

ஏலத்தோட்ட வேலைக்காக விடியுமுன் நெருக்கியடித்து ஏறும் பெண்களை நினைத்துக்கொண்டேன். பேயின்மேல் பழி போடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. பேய் மறுப்பு அறிக்கை விடுவதில்லை. வண்டியும் நாளைக்கு அதே பாரத்துடன் மலை ஏறலாம்.