திறந்த பூட்டும் தவறிய கணக்கும்



சென்ற திங்கள் ஞாயிற்றுக்கிழமையொன்றில், பாணேரில் எங்கள் குடியிருப்பிலேயே வாழும் கும்பகோணத்து நண்பர் ஒருவர் காலை வேளையில் என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். அவர் முகம் வாடியிருந்தது. “பையன் கம்ப்யூட்டரில் ஏதோ செய்துவிட்டான், சார். அப்பாவின் சதாபிஷேகப் படங்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்” என்றார். சதாபிஷேகம் கண்ட அப்பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. ஆதலின் நான் காப்பியைக்கூட அருந்தாமல் எழுந்து சென்றேன்.

பையன் பொறியியற் கல்லூரி மாணவன், கெட்டிக்காரன். பழைய கணினி ஒன்றை மலிவாக வாங்கியிருந்தான். அதன் செயலியில் இரண்டு ‘கோர்’கள், அதாவது கணக்கிடும் உறுப்புகள், இயங்கிக் கொண்டிருந்தன. மேலும் இரண்டு உள்ளே உறங்குகின்றன என்றும், அவற்றை எழுப்பலாம் என்றும் நண்பர்கள் சொல்லக் கேட்டு, ஓரிரவில் அவற்றைத் திறந்ததோடு வேகத்தையும் கூட்டிவிட்டான். வேகத்தைக் கூட்டும் இச்செயலையே ‘ஓவர்கிளாக்கிங்’ என்கின்றனர்.

உறுப்புகள் உறங்குவது எவ்வாறு என வாசகர்கள் வினவலாம். 2009 ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ‘ஃபீனம் 2 எக்ஸ்2 550’ இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. 75 கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்களைக் கொண்ட அச்சில்லு, நான்கு கோர்களோடு வார்க்கப்பட்டு, இரண்டு மூடப்பட்டு, இரட்டைக் கோர் செயலியாக விற்பனைக்கு வந்தது. சில மதர்போர்டுகளில் இருந்த ஓர் அமைப்பை மாற்றினால் மூடியவை விழித்துக் கொண்டன. சிலருக்கு நான்கும் இயங்கின. சிலருக்குக் கணினியே எழவில்லை. காரணம் யாதெனில், ஓர் உறுப்பு மூடப்படுவது இருவகையால் நிகழும். வார்ப்பில் பழுதுபட்டதனால் மூடுவது ஒன்று; நல்லதாயினும், மலிவான செயலிக்குச் சந்தையில் தேவை மிகுந்தமையால் மூடுவது மற்றொன்று. எது எவ்வகை என்பதை வெளியிலிருந்து எவராலும் கூற இயலாது.

வேகத்துக்கு உள்ள பூட்டு வேறு. அடிப்படைத் துடிப்பைப் பெருக்கெண்ணால் பெருக்கக் கிடைப்பதே செயலியின் வேகம். மேற்சொன்ன செயலியில் 200 மெகாஹெர்ட்ஸை 15.5 ஆல் பெருக்கினால் 3,100 வரும். பெருக்கெண் பூட்டப்பட்ட செயலிகளில் அதனை உயர்த்த வழியில்லை. 2011 முதல் இன்டெல் செயலிகளில் பெயரிறுதியில் ‘கே’ என்னும் எழுத்துடையவை பெருக்கெண் திறந்தவை. அவ்வெழுத்தில்லாதவற்றோடு மல்லுக்கட்டுவது பெரும்பாலும் வீண்முயற்சியே.

இனிப் பையனின் கதைக்கு வருவோம். முதலிரவு திரை கறுத்துப் போயிற்று. மின்னிணைப்பை நீக்கி, மதர்போர்டிலுள்ள காசுபோன்ற சிறு பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் கழித்துப் பொருத்தவே, பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிக் கணினி எழுந்தது. இது சரியான முறையே. மறுநாள் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு கோர்களை மீண்டும் திறந்தான். இம்முறை கணினி எழுந்தது; நான்கு கோர்களும் திரையில் தோன்றின. பாட்டுப் பாடிற்று, படம் காட்டிற்று. பையன் வென்றதாகவே எண்ணினான். அந்த மகிழ்ச்சியில், கேமரா அட்டையிலிருந்த படங்களையெல்லாம் ஒரே ‘ஜிப்’ கோப்பாகச் சுருக்கி வைத்து, அட்டையை அழித்து வேறு படங்களும் எடுத்துவிட்டான். அந்தக் கோப்புத்தான் திறக்க மறுத்தது.

“கம்ப்யூட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லையே, மாமா!” என்றான் அவன், கண் கலங்க. அங்கேதான் பிழை இருந்தது. பழுதுபட்ட கோர் எப்போதும் நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் தவறாகக் கணக்கிட்டுவிட்டு ஒன்றும் அறியாததுபோல் இருக்கும்.

நாங்கள் முதலிலிருந்து தொடங்கினோம். வேகம், மின்னழுத்தம், கோர்கள் அனைத்தையும் இயல்பு நிலைக்குக் கொணர்ந்தோம். நினைவகத்தைத் தனியே சோதித்தோம், குறையில்லை. பின் ‘பிரைம்95’ என்னும் நிரலை ஓட்டினோம். அது பெருங்கணக்குகளைப் போட்டு, தன் விடையைத் தானே சரிபார்க்கும். இரண்டு கோர்களும் தேறின. மூன்றாவதை மட்டும் திறந்து மாலை வரை ஓடவிட்டோம், அதுவும் தேறியது. நான்காவதைத் திறந்த சில நிமிடங்களில் பிழைச்செய்தி வந்தது. வேகம் இயல்பாகவே இருந்தமையால், குற்றம் அந்தக் கோரினுடையதே என்பது விளங்கிற்று. இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்த பையனுக்கு, எது காரணம் என முன்பு அறிய வழியே இல்லாமற் போயிற்று.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் அது தேறாதா எனக் கேட்டான். சில வேளை தேறும். ஆனால் அழுத்தத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் மின்செலவும் வெப்பமும் ஏறக்குறைய 21 விழுக்காடு உயரும். வேகத்தையும் அவ்வாறே கூட்டினால் 33 விழுக்காடாகும். உறங்கிய கோர்களைத் திறந்தபின் வெப்பம் காட்டும் எண்ணே பொய்யாகிவிடுவதும் உண்டு. எனவே நான்காவதை மூடிவிட்டோம்.

பாணேர்க் குன்றுக்கு அப்பால் பாஷாணில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில், 2018 இல் ‘பிரத்யுஷ்’ என்ற மீக்கணினியும், 2024 இல் 11.77 பெட்டாஃப்ளாப் ஆற்றலுடைய ‘அர்கா’வும் அமைக்கப்பட்டன. மழையை முன்னறியும் அத்தகைய கணக்கு, விரைவாக வந்தும் தவறாக வந்தால் யாருக்கு என்ன பயன்? வீட்டுக் கணினிக்கும் அதே நீதிதான்.

நம் குடும்பங்களில் இத்தகைய ஆர்வமுள்ள பிள்ளைகள் பலர். அவர்களைத் தடுக்க வேண்டா. முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்து, அதைத் தாளில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். சோதனை தேறும்வரை அக்கணினியில் வேறு வேலை எதுவும் வேண்டா.

கும்பகோணத்திலிருந்து பையனின் சித்தப்பா தம் கைப்பேசியிலிருந்த படங்களை அனுப்பி வைத்தார். ஏறக்குறையப் பாதி கிடைத்துவிட்டது. மாலையும் கழுத்துமாய்ப் பெரியவர் பேத்தியைப் பார்த்துச் சிரித்த படம் மட்டும் எங்கும் இல்லை. பையன் இன்னமும் உறவினர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கொண்டிருக்கிறான்.

அடுத்த திங்கள் மீண்டும் காண்போம்.